உடம்பில் சுற்றிய சீர்

கோடையில் வெளியூர் போகிறவர்கள் என்ன உடுத்த வேண்டும், பையில் என்ன எடுத்துவைக்க வேண்டும் என்று இப்போது வாரப் பத்திரிகைகளில் யோசனை எழுதுகிறார்கள். தளர்வான பருத்தித் துணி, வெளிர் நிறம், மாற்றுக்கு ஒன்று, வியர்வை துடைக்க ஒரு துண்டு. படிக்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். எழுதுகிறவர்கள் மேல் கோபமில்லை. இந்தப் புத்தி அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லாமல் போயிற்றே என்றுதான். நாங்கள் ஒன்றும் குளிர் தேசத்துக்காரர்கள் இல்லை. காரைக்காலில் பிறந்து வளர்ந்தவர்கள். சித்திரை வைகாசியில் குளித்துவிட்டு வந்து தலை துவட்டுவதற்குள் முதுகு மறுபடியும் நனைந்துவிடும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, கத்திரி வெயிலில், என் அக்காவுக்கு நாலு புடவையை ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றி பஸ்ஸில் ஏற்றினோம்.

அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் இந்தியா. கப்பலில் வந்திறங்கிய துணியும் சென்ட்டும் எங்கள் கடைத்தெருவில் கேட்பாரில்லாமல் தொங்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அதையே கண்ணால் பார்க்கக் கிடைக்காது. எடுத்துக்கொண்டு போனால் சுங்கச் சாவடியில் தீர்வை கட்ட வேண்டும், இல்லையென்றால் பிடுங்கிக்கொள்வார்கள். ஆனால் ஒருத்தி உடுத்தியிருக்கும் துணியை நடுரோட்டில் உரித்துப் பார்க்க முடியாதே. ஆகவே ஆற்றைக் கடக்கும்போது மட்டும் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். அந்தப் பக்கம் போய் இளைத்துவிடுவார்கள். இதை ஒரு திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. கட்டுச்சோறு கட்டுகிற மாதிரி, பயணம் என்றால் செய்ய வேண்டிய வேலைகளில் இதுவும் ஒன்று.

எங்கள் அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பாவுக்கு மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், எழுதுகிற வேலை. வீட்டை நடத்தியது அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை. அக்காவுக்கு முன்பே ஒரு கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு வேறு இடத்தில் கூடுதலாகக் கிடைத்தது, போய்விட்டார்கள். அதில் அக்கா செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. ஆனால் ஊர் பெண்ணைத்தானே பார்க்கும். கல்யாணம் நின்ற பெண் என்று அவளுக்குப் பேராகிவிட்டது. மாயவரத்தில் இந்த இடம் குதிர்ந்தபோது, இதுவும் நின்றால் இன்னொருவன் வாசலுக்கு வர மாட்டான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அதனால்தான் யார் என்ன சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டினாள். எனக்கு அப்போது பதிமூன்று வயது. அவள் தலையாட்டுவதைப் பார்க்கவே எரிச்சலாக வரும்.

நிச்சயத்துக்கு வந்த சம்பந்தியம்மாள் தாம்பூலம் மடித்துக்கொண்டே, தனக்கு ஒன்றும் வேண்டாம், காரைக்கால் சம்பந்தம் என்று ஊரில் எல்லோரும் ஆவலாகப் பார்ப்பார்கள், அதற்குத் தகுந்தாற்போல் செய்தால் போதும் என்றார். ஒன்றும் வேண்டாம் என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பயம். பேச்சு மெல்ல நைலானுக்கு வந்தது. உடம்பில் ஒட்டாதாமே, கசங்காதாமே, உதறிப் போட்டால் காய்ந்துவிடுமாமே. தனக்கு நீலம் எடுக்கும், தன் மகளுக்கு ரோஸ், ஓரகத்திக்கு எது கொடுத்தாலும் சரி. அத்தை வாயெல்லாம் பல்லாக, அதற்கென்ன, எங்கள் ஊரில் இல்லாததா என்றாள்.

புடவைகளைக் கடைத்தெருவில் ஒரு மரைக்காயர் கடையில் வாங்கினோம். நீலத்தில் கரை முழுக்கப் பொன் நிறத்தில் மாங்காய் அச்சு. விரித்தபோது கடையே மின்னியது உண்மைதான். நான் முகர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெயும் பிசினும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். சொன்னேன். அத்தை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

கல்யாணம் வைகாசியில், மாப்பிள்ளை வீட்டிலேயே. அதற்கு முதல் நாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். அத்தை மூட்டை கட்டுகிற அழகை நான் சொல்லியாக வேண்டும். டிரங்குப் பெட்டியில் அக்காவின் பருத்திப் புடவைகள் எல்லாம் அடியில். அவற்றின் மேல் காரைக்கால்மேட்டிலிருந்து வாங்கிவந்த கருவாட்டை ஒரு பழைய வேட்டியில் முடிந்து வைத்தாள். பெட்டியைத் திறந்த சாவடிக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூடிவிடுவானாம். அடியில் ஒளிக்க அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லைதான், ஆனாலும் கிண்டாமல் இருப்பான் பார் என்றாள். ஒளிக்க ஒன்றும் இல்லாத பெட்டிக்குக் கருவாட்டுக் காவல். கல்யாணத்துக்குப் போகிற பெட்டி அது!

பிறகு அக்காவை உள்ளறையில் நிறுத்திச் சுற்ற ஆரம்பித்தாள். முதலில் நீல நைலான், உடம்போடு. சம்பந்தியம்மாளுடையது விலை கூடியது, உள்ளே இருந்தால்தான் பத்திரம். அதன் மேல் ரோஸ். அதன் மேல் ஓரகத்திக்கு எடுத்த பச்சை. எல்லாவற்றையும் மூடி, பார்வைக்கு ஒரு சுங்குடி. என் பாவாடைக்குள் மாப்பிள்ளையின் சட்டைக்கு எடுத்த பட்டுத்துணியை வயிற்றைச் சுற்றிக் கட்டினாள். தான் ஒன்றும் சுற்றிக்கொள்ளவில்லை. கேட்டதற்கு, தனக்கு ரத்தக் கொதிப்பு, வேக்காடு ஆகாது என்றாள். அக்காவுக்கு மட்டும் ஆகுமாக்கும்.

அக்கா இயல்பிலேயே குச்சி. கைகளும் கழுத்தும் அப்படியே இருக்க, நடுவில் மட்டும் நெல் குதிர் மாதிரி ஆகிவிட்டாள். அத்தை இரண்டடி தள்ளி நின்று பார்த்து, இந்தச் சதைப்பிடிப்பு நிஜமாகவே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பெருமூச்சு விட்டாள். அக்கா அதற்கும் தலையாட்டினாள்.

பஸ்ஸில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தோம். எஞ்சின் சூடு காலடியில். ஜன்னல் வழியே வந்த காற்றுக்குக் காற்று என்று பேர் வைத்தவனைத் தேடிப்பிடித்து அறைய வேண்டும். கோட்டுச்சேரி தாண்டுவதற்குள் அக்காவின் மூக்கு நுனியில் வியர்வை சொட்ட ஆரம்பித்தது. துடைக்கத் துடைக்க வந்தது. பருத்தியாவது வியர்வையைக் குடிக்கும், அந்தச் சனியன் பிடித்த நைலான் ஒரு சொட்டைக்கூட ஏற்றுக்கொள்ளாது. உள்ளே ஊறுகிறது எல்லாம் உள்ளேயே நின்று, வழிந்து, அவள் உட்கார்ந்திருந்த பலகை ஈரமாகிவிட்டது. பக்கத்தில் இருந்த கிழவர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய் நின்றுகொண்டார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. நனைந்த துணி, மண்ணெண்ணெய் நாற்றம், தலைக்கு வைத்த மல்லிகை வெந்த நாற்றம், மேலே கட்டியிருந்த பெட்டியிலிருந்து இறங்கிய கருவாட்டு நாற்றம் எல்லாம் சேர்ந்து ஒன்றாகி நின்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு பக்கம். பெண்களைச் சோதிக்கக் கீற்றுத் தட்டி கட்டிய மறைப்பு ஒன்று, உள்ளே ஒரு அம்மாள், பெரிய கைகள். வெளியே பெட்டியைத் திறந்தவன் அத்தை சொன்னபடியே மூக்கைப் பிடித்துக்கொண்டு மூடினான். அத்தை என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். என்ன பெருமை பாருங்கள்.

மறைப்புக்குள் அக்காவின் முறை. அந்த அம்மாள் அவள் மெலிந்த மணிக்கட்டைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள். அனுபவப்பட்ட கண், உடனே தெரிந்துவிட்டது. இடுப்புப் பக்கம் கையை நுழைத்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே உள்ளே போனாள். என் வயிற்றில் கட்டியிருந்த பட்டு நழுவுகிற மாதிரி இருந்தது. திடீரென்று அவள் கையை வெளியே இழுத்தாள். விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“சீ, என்னா பொண்ணு இது” என்றாள்.

கையை உதறினாள். தன் முந்தானையில் துடைத்தாள், போதாமல் தட்டியில் தேய்த்தாள், பிறகு மோந்து பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, போ போ என்று வெளியே தள்ளினாள். தப்பித்தோம். பஸ்ஸில் ஏறியதும் அத்தை சாமியைக் கும்பிட்டாள். அக்காவின் முகம் மட்டும் சரியாக இல்லை. தப்பித்தோமே, ஏன் இப்படி இருக்கிறாய் என்று காதில் கேட்டேன். அவள், “அந்த அம்மா கையைத் தொடச்சத பாத்தியா” என்றாள்.

மாயவரத்தில் எங்களுக்கு ஒரு வீட்டில் ஜாகை கொடுத்திருந்தார்கள். உள்ளே போனதும் அறைக் கதவைச் சாத்தி அத்தை புடவைகளை உரித்தாள். உரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு ஒட்டிக்கிடந்தது. உள்ளே பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இடுப்பைச் சுற்றிப் பட்டை பட்டையாகத் தடிப்பு, முதுகு முழுக்க வேர்க்குரு, கழுத்து வரை செக்கச்சிவப்பாக ஏறியிருந்தது. வயிற்றில் நீலச் சாயம். சாயத்துக்கு நடுவே கரையிலிருந்த மாங்காய்கள் வரிசையாக அவள் தோலில் பதிந்திருந்தன.

அத்தை அதைப் பார்க்கவில்லை. புடவையில் சாயம் எவ்வளவு போயிற்று என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அலசிப் போடலாம் என்றேன். பதறிவிட்டாள். சீர்த் தட்டில் வைக்கிற புடவை கோடியாக இருக்க வேண்டும், கடையிலிருந்து வந்தபடி தண்ணீர் படாமல் இருந்தால்தான் கோடி, அலசினால் பழசு. பழசையா சம்பந்திக்கு வைப்பது? ஒருத்தி உடம்பில் ஒரு பகல் முழுக்க ஊறலாம், அது பரவாயில்லை. வியர்வை தண்ணீர் இல்லையாம்! அறைக்குள்ளேயே கயிறு கட்டி மூன்றையும் உலர்த்தி, பழைய மடிப்பிலேயே மடித்து, பாய்க்கு அடியில் வைத்து, மேலே பெட்டியைத் தூக்கி வைத்தாள். பிறகு எடுத்து ஓரத்தில் மஞ்சள் தடவினாள். இன்றைக்கும் யாராவது மஞ்சள் தடவிய புதுப்புடவையை என் கையில் கொடுத்தால் முதலில் நான் மோந்துதான் பார்ப்பேன்.

மாற்றிக்கொள்ள அக்காவின் புடவைகளை எடுத்தால், ஒவ்வொன்றும் கருவாடாக மணந்தது. வேறு வழியில்லாமல் ஈரச் சுங்குடியையே மறுபடி சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கோலத்தில் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சம்பந்தியம்மாள் பெண்ணைப் பார்க்க வந்தார். கையில் பூச்சரம். அக்காவின் தலையில் வைக்கக் குனிந்தவர், கழுத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

அது அம்மை நடமாடுகிற காலம். வைகாசியில் உடம்பில் சிவப்பாக எதைக் கண்டாலும் ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை செருகிவிடுவார்கள். ஆத்தா வந்த வீட்டில் கல்யாணம் கிடையாது. சம்பந்தியம்மாள் பூச்சரத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். உடம்புக்கு என்ன என்று கேட்டார். அத்தை தயங்காமல், கருவாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். கல்யாணத்துக்கு வரும் பெண் கருவாடு தின்றுவிட்டு வருவாளா என்று அவர் திருப்பிக் கேட்டார். அத்தை உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கோடி போய்விடுமே! அப்பா வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒன்றுதான் ஓடியது. போச்சு, இதுவும் நிற்கப்போகிறது.

“உள்ள வாம்மா, நானே பாத்துடறேன். அம்மையா இருந்தா நாளைக்கு வேண்டாம், சொல்லிப்புட்டேன்” என்றார் சம்பந்தியம்மாள்.

அரிக்கேன் விளக்கை அவரே எடுத்துக்கொண்டார். நானும் பின்னாலேயே போனேன், யாரும் தடுக்கவில்லை. ஒரே நாளில் இரண்டாவது சோதனை. சாவடியிலாவது சோதித்தவள் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவள். அக்கா சுங்குடியை இறக்கினாள். விளக்கைக் கிட்டே கொண்டுபோய், மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளக்குச் சூடு பட்டு அவள் சுருங்கினாள். எனக்கு அந்த விளக்கைப் பிடுங்கி எறியலாம் போல வந்தது. விளக்கு வயிற்றுப் பக்கம் வந்ததும் நின்றது. மாங்காய் வரிசை.

“இது என்னாது?”

மூன்று மாதமாகத் தலையாட்டிக்கொண்டே இருந்த அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“ஒங்களுக்குக் கொண்டாந்த பொடவைங்க. சாவடிக்குத் தெரியக் கூடாதுன்னு நான் உடுத்திக்கிட்டு வந்தேன். அம்மை இல்ல, ஒங்க நைலான்தான் இது.”

அவ்வளவு பாடுபட்டுக் கட்டிக் காத்ததெல்லாம் ஒரு நொடியில் உடைந்துவிட்டது. இனி அந்த அம்மாள் கோபப்படலாம், இதையா எனக்குச் சீர் வைக்கிறீர்கள் என்று கிளம்பிப் போகலாம். அல்லது பெண்ணாகப் பிறந்தவள்தானே, ஐயோ என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அவர் குனிந்து அந்த மாங்காய்களை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

“நீலமா? சாயம் ரொம்பப் போயிருச்சா?” என்று கேட்டார்.

அக்கா சுங்குடியை எடுத்து மேலே போட்டுக்கொண்டாள். “கொஞ்சம் எங்கிட்ட வந்திருக்குங்க. மிச்சம் பொடவையிலதான் இருக்கு” என்றாள்.

வெளியே போய் அவர் எல்லோருக்கும் கேட்கும்படி, வெறும் வேர்க்குரு, நுங்குத் தண்ணீர் தடவினால் போய்விடும் என்று அறிவித்தார். கல்யாணம் நிற்கவில்லை. மறுநாள் அந்தத் தடிப்பின் மேலேயே நலங்கு மஞ்சள் பூசினார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டிலிருந்து கைக்கு வந்த நீலப் புடவையைச் சம்பந்தியம்மாள் மாலைக்குள் உடுத்திக்கொண்டு பந்தலில் முன்னால் வந்து உட்கார்ந்தார். எல்லாம் தெரிந்தே உடுத்தினார். வந்தவர்கள் கரையைத் தொட்டுப் பார்த்து வியந்தார்கள். வேக்காடாக இல்லையா என்று யாரோ கேட்டதற்கு, உடம்பில் இருக்கிறதே தெரியவில்லை என்றார், கழுத்தில் வியர்வை ஓட ஓட. என் அக்காவின் வியர்வையும் அவருடையதும் அந்தப் புடவைக்குள் கலந்துகொண்டிருந்தன. நான் பாயசத்தை அப்படியே இலையில் வைத்து மூடினேன்.

ஆடிக்கு அக்காவை அழைத்து வந்தோம். தடிப்புகள் ஆறிக் கறுப்புக் கறுப்பாக நின்றிருந்தன. மாமியார் எப்படி என்று கேட்டதற்கு, மோசமில்லை, சோறு போடுகிறார்கள் என்றாள். ஆனால் புறப்படும்போது மாமியார் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்: திரும்பும்போது அதேபோல் இரண்டு, ஒன்று தன் தங்கைக்கு, இந்தமுறை சாயம் போகாததாக. அத்தை மறுநாளே கடைக்குப் போய்விட்டாள். மாதம் முடிந்து கிளம்புகிற அன்று காலையில் உள்ளறையில் இரண்டையும் விரித்து வைத்துக்கொண்டு, வாடி, சுற்றிவிடுகிறேன் என்று கூப்பிட்டாள்.

அக்கா குளித்துவிட்டு ஒரு வெள்ளைப் பருத்திப் புடவை உடுத்திக்கொண்டு வந்தாள். நிறையத் துவைத்து மெலிந்த, காற்று நுழைகிற புடவை. கையில் ஒரு துணிப்பை, அதில் மாற்றுக்கு இன்னொன்றும் ஒரு துண்டும். விரித்திருந்த இரண்டு நைலானையும் அவளே பொறுமையாக மடித்து அத்தையின் மடியில் வைத்தாள்.

“நீங்க உடுத்திக்கிட்டு வாங்க அத்தை. நான் இதோட போறேன்.”

அத்தை ரத்தக் கொதிப்பு என்று ஆரம்பித்தாள். மாமியார் என்ன சொல்வாள், இப்போதுதானே ஒருவழியாக நிலைத்தது, மறுபடியும் கெடுத்துக்கொள்ளாதே என்றாள். சொல்லட்டும், என்னிடம்தானே சொல்வார்கள் என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. அத்தை மடியிலிருந்த புடவைகளைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அக்காவைக் கொண்டுவிட அப்பாவும் நானும் போனோம். அன்றைக்கும் வெயில்தான், அன்றைக்கும் அதே பஸ்தான். ஆனால் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். சாவடியில் அதே கீற்று மறைப்பு, அதே அம்மாள். காரைக்காலிலிருந்து புதுத் தாலியோடு வருகிற பெண், கையில் ஒரு பைதான் என்றதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அக்காவின் இடுப்பில் கையை வைத்தாள். இரண்டாவது மடிப்பைத் தேடினாள். மறுபக்கம் தேடினாள். அந்த ஒற்றைப் புடவைக்கு உள்ளே எலும்புதான் கிடைத்தது.

“இவ்வளவுதானா?” என்றாள் நம்ப முடியாமல்.

“இவ்வளவுதாங்க நான்” என்றாள் அக்கா.

கையைத் துடைத்துக்கொள்ளாமலே அந்த அம்மாள் எங்களைப் போகச் சொன்னாள்.